"சீனி இல்லம்மா, விற்றமின்தான்" என்று மகன் குடிக்கும் தூள்

கேள்வி: டொக்டர், நாங்கள் ஆரையம்பதி. மகனுக்கு 16 வயது. ஓ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நிற்கிறான். இரவு பத்து மணிக்குப் போனை எடுத்தால் கூட்டாளிமாரோடு விடிய மூன்று மணிவரை கேம்தான். போன மாதம் கட்டாரில் இருக்கும் என் தம்பி அனுப்பிய பார்சலில் சீல் வைத்த ஒரு டப்பா வந்தது. "மருமகன் கேட்டான், அனுப்பினேன்" என்கிறார் தம்பி. உள்ளே இளஞ்சிவப்புத் தூள். அலுமாரிக்குள் அதைக் கண்ட நேரம் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஐஸ் போதைப்பொருள் என்கிறார்களே, அதுதானோ என்று நினைத்து மகனை ஏசிவிட்டு அழுதுவிட்டேன். அவன், "சீனி இல்லம்மா, விற்றமின்தான். கேம் விளையாடுற ஆக்கள் குடிக்கிறது" என்றான். ஒவ்வொரு இரவும் இரண்டு ஸ்கூப் கரைத்துக் குடிக்கிறான். குடித்துக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கிறது, எறும்பு ஊருகிறது என்று சொறிகிறான். ஒருநாள் நெஞ்சு படபடக்கிறது என்றான். ஒருநாள் குடிக்காமல் விட்டதற்குத் தலையிடி தாங்காமல் படுத்துவிட்டான். சின்ன வயதில் முட்டு (ஆஸ்துமா) இருந்தது, மாரியில் இப்போதும் பம்ப் எடுப்பான். நிறை 46 கிலோ. பக்கத்து வீட்டு அக்கா இது மாட்டிலிருந்து எடுப்பது என்கிறா. இப்போது 11 வயது இளையவனும் கேட்டு அழுகிறான். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இது கூடாத சாமானா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். அது ஐஸ் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். சீலோடு வந்த டப்பா, உடன்பிறந்த தம்பி அனுப்பியது. அப்படிச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. இந்தக் காலத்தில் பிள்ளையின் அலுமாரிக்குள் தூளைக் கண்டால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும், உங்கள் மேல் பிழை இல்லை. ஆனால் ஏசினது ஏசினதுதான். "உன்னை அப்படி நினைச்சிட்டன், மனே" என்று மகனிடம் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் கீழே எழுதப்போகும் எதையும் அவனுக்குத் தெரியாமல் உங்களால் செய்ய முடியாது.

சரி, போதைப்பொருள் இல்லை என்பதால் அது நல்ல சாமான் ஆகிவிடுமா? ஆகாது. அந்தத் தூளில் உண்மையில் வேலை செய்வது ஒரே ஒரு பொருள், கஃபீன். நாம் குடிக்கும் தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் இருக்கும் அதே கஃபீன்தான். அளவில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. நல்ல சாயமாக ஊற்றிய ஒரு கப் பிளேன்டியில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். கடையில் விற்கும் 250 மில்லிலீட்டர் ரெட் புல் டின்னில் 80. உங்கள் டப்பாவின் பின்பக்கத்தில் ஒரு ஸ்கூப்புக்கு 150 என்று போட்டிருக்கிறது. மகன் எடுப்பது இரண்டு ஸ்கூப், ஆக 300. இரவு பத்து மணிக்கு உங்கள் மகன் ஏழு கப் பிளேன்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கப்பை ஒரு பிள்ளைக்கு நீங்கள் ஊற்றிக் கொடுப்பீர்களா? தூளாக வருவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. வளர்ந்தவர்கள் ஒரு நாளில் 400 மில்லிகிராம்வரை எடுக்கலாம், அதிலும் ஒரே தரத்தில் 200க்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் அப்படி ஒரே தொகை இல்லை, உடம்பு நிறையைப் பார்க்க வேண்டும். கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராம். உங்கள் மகன் 46 கிலோ என்று நீங்கள் எழுதியது எனக்குப் பெரிய உதவி. 46ஐ 3ஆல் பெருக்கினால் 138. ஒரு முழு நாளுக்கான எல்லை அது. ஒரு ஸ்கூப்பிலேயே அதைத் தாண்டிவிடுகிறான், இரண்டு ஸ்கூப் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். பின்னேரம் நீங்கள் கொடுக்கும் தேத்தண்ணீரை நான் இதில் சேர்க்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2011இலேயே இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது: எனர்ஜி ட்ரிங்க் பிள்ளைகளின், இளவயதினரின் சாப்பாட்டில் இருக்கவே வேண்டியதில்லை. லித்துவேனியாவில் 2014 முதலும் போலந்தில் 2024 முதலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எனர்ஜி ட்ரிங்க் விற்பது சட்டப்படி தடை.

மகன் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம் பேச்சை அவன் கேட்கமாட்டான். "இதைக் குடிச்சா கை கெதியா ஓடுது" என்று அவன் சொன்னால் அது பொய் இல்லை. கஃபீன் கவனத்தைக் கொஞ்சம் கூட்டும், கண்ணில் பட்டதற்குக் கை எழும்பும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கும். நித்திரை குறைந்தவனிடத்தில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அவனுடைய நித்திரை குறைந்ததற்குப் பாதிக் காரணமே முந்திய இரவு குடித்த தூள்தான்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதற்கென்று மூளையில் கதிரைகள் போட்டிருக்கின்றன. அடினோசின் போய் அவற்றில் இருக்க இருக்கத்தான் நமக்குக் கண் சொக்கும். கஃபீன் முந்திப் போய் அந்தக் கதிரைகளில் இருந்துவிடும். அடினோசின் எங்கும் போய்விடவில்லை, கதவடியில் நிற்கிறது. கஃபீன் எழும்பினதும் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்துவிடும். பகல் பன்னிரண்டு மணிவரை பிள்ளை எழும்பாமல் கிடப்பதை நீங்கள் சோம்பல் என்று நினைத்திருப்பீர்கள். அது இந்தக் கூட்டம்தான்.

நேரக் கணக்கையும் பாருங்கள். கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும். இரவு பத்துக்கு 300 என்றால் மூன்று மணிக்கு, அவன் போனை வைக்கும் நேரத்தில், 150 இன்னும் இரத்தத்தில் ஓடுகிறது. காலை எட்டு மணிக்கும் 75 மிச்சம். 2013இல் வந்த ஓர் ஆய்வில், படுக்கப்போவதற்கு ஆறு மணித்தியாலம் முன்பே 400 மில்லிகிராம் எடுத்த வளர்ந்தவர்களுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை குறைந்திருந்தது. உங்கள் மகனின் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணித்தியாலம் நித்திரை வேண்டும்.

அப்புறம் அந்தச் "சீனி இல்லை". தங்கச்சி, இந்தச் சொல்லுக்காகத்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நம் நாட்டில் 2016இலிருந்து போத்தலிலும் டின்னிலும் வரும் குளிர்பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறக் குறி இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நல்ல ஏற்பாடு, பிள்ளைகளும் அதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆனால் அந்த நிறம் சீனிக்கு மட்டும்தான். கஃபீனைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. சீனி போடாத ஒரு பானத்தில் கஃபீன் எவ்வளவு இருந்தாலும் பச்சைக் குறி கிடைத்துவிடும். கேம் விளையாடுகிறவர்களுக்கென்று விற்கும் தூள்கள் பெரும்பாலும் சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி போட்டவை, சீனி இருக்காது. அதனால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்விக்கு மகன்மார் கையில் பதில் தயாராக இருக்கிறது. சீனியைப் பற்றிக் கேட்பதை விடுங்கள். ஒரு ஸ்கூப்பில் கஃபீன் எத்தனை மில்லிகிராம், உன் நிறை எத்தனை கிலோ, இப்போது மணி என்ன, இந்த மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று. சீனியும் இல்லை, மாவும் இல்லை என்றால் அதில் எனர்ஜி எங்கிருந்து வரும்? உடம்புக்குச் சக்தி என்றால் கலோரி. இப்படியான தூளில் ஒரு ஸ்கூப்புக்கு அது பேருக்குத்தான் இருக்கும். காலையில் ஒரு துண்டு பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டால் இதைவிடப் பல மடங்கு சக்தி கிடைக்கும். விற்றமின் என்று மகன் சொன்னதும் பொய்யில்லை, பி6, பி12, நியாசின் எல்லாம் போட்டிருக்கிறார்கள். சோறு, மீன், முட்டை, பருப்பு சாப்பிடும் பிள்ளைக்கு அது கூடுதலாகத் தேவைப்படாது. பி6 மாதக்கணக்கில் அளவுக்கு மிஞ்சினால் கைகால் நரம்புகளை விறைக்கவைக்கவும் செய்யும்.

முகம் சிவப்பது அந்த நியாசினால். எறும்பு ஊருவது பீட்டா அலனின் என்ற பொருளால், அதுவும் உங்கள் படத்தில் இருக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் நரம்பு முனைகளை அது கொஞ்ச நேரம் சீண்டிவிடும். இரண்டும் ஒரு மணித்தியாலம் அளவில் தானாக அடங்கிவிடும், ஒவ்வாமை என்று பயப்பட வேண்டாம். ஆனால் உதடு, கண்மடல் வீங்கினால், உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், மூச்சு இழுத்தால் அது வேறு கதை, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பையன்கள் இந்த ஊரலை "பவர் ஏறுது" என்று நினைக்கிறார்கள். ஏறுவது பவர் இல்லை, தோல்தான் கூசுகிறது.

மாட்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை இந்துத் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் என்னிடம் பலதரம் கேட்டிருக்கிறார்கள். எனர்ஜி ட்ரிங்குகளில் சேர்க்கும் டோரின் என்ற பொருளை 1827இல் முதன்முதலில் எருதின் பித்தத்திலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். பெயரும் அப்படித்தான் வந்தது. இன்று பானங்களில் போடுவது தொழிற்சாலையில் இரசாயன முறையில் செய்வது. பக்கத்து வீட்டு அக்கா கேள்விப்பட்டதில் அடி இருக்கிறது, ஆனால் இந்த டப்பாவுக்குள் மாடு இல்லை.

எனக்குக் கவலை தரும் இடம் வேறு. நெஞ்சு படபடப்பும் பம்பும். மாரியில் மகன் எடுக்கும் நீலப் பம்பில் இருக்கும் சல்பியூட்டமோலும் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கும், கையை நடுங்கவைக்கும். கஃபீனும் அதையே செய்யும். இரண்டும் ஒரே இரவில் சேரக்கூடாது. முட்டுக்குத் தியோபிலின் வில்லை எப்போதாவது கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தியோபிலினும் கஃபீனும் ஒரே குடும்பம், ஈரலில் ஒரே பாதையில்தான் கரைகின்றன, ஒன்று மற்றதைத் தேங்கவைக்கும். இதைப் படித்துவிட்டுப் பம்பை நிறுத்திவிடாதீர்கள். முட்டு வந்தால் பம்ப் எடுத்தே ஆக வேண்டும். நிறுத்த வேண்டியது தூளைத்தான்.

சில மாதங்களுக்கு முன் இதே வயதுப் பையன் ஒருவனைத் தகப்பன் கூட்டிவந்தார். வாசிக்கிறான் இல்லை, எரிந்து விழுகிறான் என்பது முறைப்பாடு. பையன் தலை குனிந்தபடி இருந்தான், பேசவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். நடுக்கம் இருந்தால் விரலில் தெரியாதது தாளில் தெரியும். தாளின் ஓரம் மின்விசிறிக் காற்றில் ஆடுவதுபோல் ஆடியது. விசிறியை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் ஆடியது. பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது எனக்கா டொக்டர்?" என்று கேட்டான். அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன் பிறகு எல்லாவற்றையும் அவனே சொன்னான்: இரவில் மூன்று ஸ்கூப், ஒருநாள் கூட்டாளிமார் பந்தயம் கட்டித் தண்ணீர் இல்லாமல் தூளை அப்படியே வாயில் கொட்டியது, புரைக்கேறி மூச்சடைத்தது, எல்லாம். நான் ஒரு வார்த்தை கூட அறிவுரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்களும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். குற்றம் பிடிப்பதுபோல் இல்லாமல், நீங்களும் பக்கத்தில் இருந்து உங்கள் கையையும் நீட்டுங்கள்.

இனி என்ன செய்வது? இன்றே டப்பாவைக் குசினித் தொட்டியில் கொட்டிவிட மனம் வரும், எனக்கு விளங்குகிறது. வேண்டாம். ஒருநாள் விட்டதற்கே தலையிடியில் படுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பு பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளைக்குள் தலையிடி தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு கிழமை அளவுக்கும் இழுக்கலாம். எரிச்சல், சோர்வு எல்லாம் கூட வரும். அவன் அதைத் தாங்கமாட்டாமல் கூட்டாளி வீட்டில் போய்க் குடிப்பான். மெல்ல மெல்லக் குறைப்பதுதான் வழி. முதல் நான்கு நாள் ஒரே ஒரு ஸ்கூப், அதுவும் பகல் இரண்டு மணிக்கு முன். அடுத்த நான்கு நாள் அரை ஸ்கூப், காலையில். அப்புறம் இல்லை. அந்த நாட்களில் பிளேன்டி, கோப்பி, கோலா எதுவும் இல்லை. பம்ப் எடுத்த நாளில் தூள் அறவே இல்லை, தலையிடி வந்தாலும் பரவாயில்லை. தலையிடிக்குச் சாதாரண பரசிற்றமோல் அவனுடைய நிறைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். பெட்டியில் எக்ஸ்ட்ரா என்று எழுதிய பனடோலைக் கொடுக்காதீர்கள், அதில் ஒரு வில்லைக்கு 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது.

கேமை அடியோடு நிறுத்தச் சொல்லி நான் எழுதமாட்டேன். பரீட்சை முடிந்த பிள்ளை, கூட்டாளிமாரோடு சிரித்து விளையாடும் இடம் இப்போது அதுதான். நேரத்தைத்தான் பேச வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்குவதைப் பின்னேரம் ஏழு மணிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். அவன் ஒருவன் மட்டும் மாறினால் டீமில் தனித்துப்போவான். மற்றப் பையன்களின் தாய்மாரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோயிலடியிலோ கடையடியிலோ காணும்போது பேசிக்கொள்ளுங்கள். நான்கு வீட்டிலும் பதினொரு மணிக்குப் போன் சார்ஜுக்குப் போனால் ஒருவனுக்கும் வெட்கம் இல்லை. காலையில் ஏழு மணிக்கு எழுப்பி, வெளியே வெயில் முகத்தில் படும்படி கொஞ்ச நேரம் நடக்கவிடுங்கள். முதல் கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள். விளையாடும்போது குடிக்கப் பக்கத்தில் ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள், தேசிக்காய் பிழிந்து கொஞ்சம் உப்புப் போட்டாலும் சரி. நம் ஊர் வெக்கையில் இரவிலும் உடம்பு வற்றிப்போகும், அதனாலும் சோர்வு வரும். பசித்தால் தயிரும் வாழைப்பழமும் இருக்கட்டும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு நல்ல தயிருக்கு அலைய வேண்டியதில்லை.

கட்டாரில் இருக்கும் தம்பிக்கு ஒரு வாய்ஸ் அனுப்பிவிடுங்கள். மருமகன் கேட்டதைப் பாசத்தில் அனுப்பியிருக்கிறார், அவரைக் கோபிக்க வேண்டாம். 46 கிலோ, 300 மில்லிகிராம், இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் போதும், விளங்கிக்கொள்வார். இதே மாதிரித் தூள் இங்கே யாராவது விற்பதைக் கண்டால், டப்பாவில் நம் நாட்டு இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயாவிடம் சொல்லுங்கள், அது அவருடைய வேலை.

இளையவனுக்கு ஒரு துளியும் வேண்டாம். 11 வயதுக்கு இதில் பாதி, கால் என்ற பேச்சே இல்லை. அண்ணன் குடிக்கும்வரை டப்பா உங்கள் அலுமாரியில் பூட்டோடு இருக்கட்டும்.

சும்மா இருக்கும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்தால், நெஞ்சு நொந்தால், மயங்கினால், நடுக்கத்தோடு திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வலிப்பு வந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியரிடம் என்ன குடித்தான், எத்தனை ஸ்கூப், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒருதரம் படபடத்தது என்று பிள்ளை சொன்னபடியால் இந்தக் கிழமைக்குள் பக்கத்து அரசாங்க வைத்தியசாலை ஓ.பி.டி.க்குக் கூட்டிப்போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலோ மகனுடைய அப்பா பக்கத்திலோ 40 வயதுக்கு முன் திடீரென்று விழுந்து இறந்தவர்கள் யாராவது இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்கூப் உள்ளேயே இருக்கட்டும். அங்கே டொக்டருக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் அளவை மகனே அள்ளிக் காட்டட்டும். ஸ்கூப்பின் விளிம்போடு தட்டி எடுக்கிறானா, கும்பியாகக் குவித்து எடுக்கிறானா என்று யாரும் இதுவரை பார்க்கவில்லை. கும்பி என்றால், நான் மேலே போட்ட 300 என்ற கணக்கும் குறைவுதான்.